மச்சான் சட்டையில் வெள்ளைக் கூடு

சட்டைப் பையின் மேல்தான் முதல் கூடு இருந்தது.

நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. மச்சான், என் புருஷன்தான், துபாய்க்குக் கிளம்பிய காலையில் கழற்றி, எங்கள் அறைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனது. அதைத் துவைக்கக் கூடாது, எடுத்து மடிக்கவும் கூடாது என்று மாமி, அவருடைய அம்மா, கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிள்ளை மாட்டியதைப் பிள்ளைதான் வந்து எடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

நோன்பு மாதம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மதியத் தொழுகையை முடித்துவிட்டு அறைக்குள் வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். குளவிக் கூடு எனக்குப் புதிதில்லை. எந்த வீட்டில் இல்லை? ஆனால் நான் பார்த்ததெல்லாம் களிமண் நிறம். இது வெள்ளை. கடையில் புதிதாக வாங்கிய பீங்கான் தட்டின் வெள்ளை. சட்டையின் இடது மார்பில், நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், விரல் தடிமனுக்கு உருளை உருளையாக அப்பியிருந்தது.

உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

அழுகை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பச்சைக் குழந்தை பசியில் சிணுங்குமே, அந்த மாதிரி மெலிசாக, இழுத்து இழுத்து. வெளியே வெயில் கொளுத்துகிறது. தெருவே நோன்பிலும் உறக்கத்திலும் அடங்கிக் கிடக்கிறது. ஆள் இல்லாத சட்டையிலிருந்து குழந்தை சிணுங்குகிறது.

எந்தக் காடு?

போன வாரம் இந்தப் பத்தியில் பாலத்தடி வௌவால்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா?' என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நல்லா கேட்டீங்க போங்க. நான் பயந்து பயந்து பூச்சி பார்க்க வந்தவள். அதைச் சொல்லத்தான் இந்தச் சட்டையை எடுத்தேன்.

கூட்டங்களுக்குக் கூப்பிட்டால், இந்தப் பக்கத்திலிருந்து பூச்சிகளையும் பறவைகளையும் பற்றி எழுத வந்த முதல் பெண் என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். எனக்கு முன்னால் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களை யார் கேட்டார்கள்? அது கிடக்கட்டும். அடுத்து ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதற்குத்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். "எந்தக் காட்டில் உங்களுக்கு இந்த ஆர்வம் பிறந்தது?"

காடாம் காடு! மங்கலம்பேட்டையில் துணிக்கடைக்காரர் மகளாகப் பிறந்து, விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிக்குப் பின்தெருவில் வாழ்க்கைப்பட்டவளுக்கு எந்தக் காடு இருக்கிறது? எங்கள் தெருவில் முருங்கை இலையே வெள்ளையாக இருக்கும், அவ்வளவு தூசி. குழி விழுந்த இடத்திலெல்லாம் உடைந்த கப்பையும் ஃப்யூஸ் கட்டையையும் கொட்டி மிதித்திருப்பார்கள். செருப்பில்லாமல் நடந்தால் காலைக் கிழிக்கும். மழை பெய்தால் சாக்கடையில் பால் ஓடும்.

விலங்கியல் பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷம் இருந்தபோது எனக்குக் கல்யாணம். மிச்சத்தை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று அத்தா சொன்னார். எல்லா அத்தாக்களும் சொல்வதுதான். மச்சான் என்னோடு இருந்தது ஆறேழு மாதம். பிறகு உயரமான கட்டடங்களில் ஏறி ஏசி குழாய் பொருத்துகிற வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் மாமியும் நானும் மட்டும். மாமி அதிகம் பேச மாட்டார். நானும் அப்போது பேச மாட்டேன். இப்போது என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவதில்லை.

செல்வி கஞ்சி வாங்க வந்தாள்

எங்கள் தெருவில் நோன்புக் கஞ்சிக்கு ஜாதி மதம் கிடையாது. பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வந்ததும் பக்கத்து வீட்டுச் செல்வி தூக்கோடு வந்துவிடுவாள். கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை அவளுக்கு. மனசில் பட்டதை அடுத்த நிமிஷம் வாயில் கொட்டிவிடுகிற பிறவி.

அன்று சாயங்காலம் மாமி அவளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வடைத் தட்டோடு நின்றிருந்தேன். எங்கள் அறைக்கதவு திறந்திருந்தது.

"ஐய, குளவி கூடு கட்டியிருக்குது!" என்று செல்வி கூவினாள். "அப்போ இந்த வூட்ல தொட்டில் கட்டப்போறாங்க. என்னா ஷமீமா, விசேஷமா? எங்கிட்ட கூட சொல்லல பாத்தியா!"

எங்கள் பக்கத்தில் இதை அறியாத ஆள் இல்லை. வீட்டுக்குள் குளவி வந்து மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கூட்டை உடைக்கவே விட மாட்டார்கள். நாத்தனார் வீட்டில், சொந்தக்காரர் வீட்டில் என்று ஆளாளுக்கு ஒரு சாட்சி சொல்வார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசமும் கிடையாது.

சொல்லி முடித்த பிறகுதான் செல்விக்கு உறைத்தது. என் புருஷன் ஊரில் இல்லை. வருஷம் தாண்டிவிட்டது. அவள் முகம் செத்துப்போனது.

"இல்லக்கா... சும்மா சொல்லுவாங்க அப்படி. பூச்சிக்கு என்னா தெரியும்?" என்று மாமியைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, மூடியைக் கூடப் போடாமல் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மாமி கையில் கரண்டி அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார். பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்தினேன்.

ஒரு நோன்பையும் விடாதவள்

அடுத்த வாரம் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கூடு. அப்புறம் பீரோவின் சாவித்துவாரத்தில் ஒன்று. கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்று. எல்லாம் வெள்ளை. எல்லாம் எங்கள் அறையில். கூடத்திலோ மாமியின் அறையிலோ அடுப்படியிலோ ஒரு பொட்டு மண் இல்லை. அறையைத் தேடி வருகிறது, என்னைத் தேடி வருகிறது என்று நான் நம்பத் தொடங்கினேன்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பெண்கள் மாதவிலக்கான நாட்களில் தொழவும் மாட்டார்கள், நோன்பும் வைக்க மாட்டார்கள். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. மருமகள் தொழுகைப் பாய் விரிக்கவில்லை என்றால் மாமியாருக்குத் தெரிந்துவிடும். நோன்பு மாதத்தில் இது இன்னும் பட்டவர்த்தனம். சில நாள் நோன்பு விட்டுப்போவதுதான் ஒழுங்கான பெண்ணுக்கு அடையாளம்.

எனக்கு அந்த மாதம் வரவில்லை.

தேதி வந்தது, போனது. நான் விடியலுக்கு முன்னால் எழுந்து சாப்பிட்டு, ஐந்து வேளையும் தொழுது, ஒரு நோன்பும் விடாமல் வைத்தேன். மச்சான் இங்கே இருந்த வருஷமாக இருந்தால் மாமி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார். இந்த வருஷம் நான் பாயை விரிக்க விரிக்க அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை. அல்லாவின் முன்னால் நான் குனிந்து எழுந்ததெல்லாம் எனக்கு எதிரான சாட்சியாகிப்போனது. இந்தக் கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

வந்துவிட்ட மாதிரி நடித்துவிடலாமா என்று யோசித்தேன். நாலு நாள் பாயைச் சுருட்டி வைத்தால் போதும், எல்லாம் அடங்கிவிடும். என்னால் முடியவில்லை. பயத்துக்கு நோன்பை விடலாம், பொய்க்கு எப்படி விடுவது?

ஒருநாள் மாமி, "நெய்வேலி பக்கம் ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம். பஸ்ஸுல போயிட்டு வந்துடுவோமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எதுக்கு மாமி? எனக்கு ஒண்ணுமில்ல. நான் வரமாட்டேன்."

மானம் ரோஷம் பார்த்துத்தான் மறுத்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், எனக்கே சந்தேகம். நடக்கவே முடியாத காரியம் என்று படித்த மூளைக்குத் தெரியும். ஆனால் மதிய வேளையில், சுவருக்குச் சுவர் அந்தச் சிணுங்கல் கேட்கும்போது, என் அடிவயிற்றில் ஏதோ புரண்டது. பசிதான். காற்றுதான். இருந்தாலும் கையை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் புரண்டது. டாக்டர் சோதித்துவிட்டு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்?

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள். வெளியிலிருந்து எதையோ பிடித்து வந்து, அடைத்து வைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடுமாம். மாமியின் பார்வை கொட்டக் கொட்ட நானும் அவர் நினைத்தவளாகவே ஆகிக்கொண்டிருந்தேன்.

பிறகு பால் வந்தது. சஹர் நேரத்தில், விடியலுக்கு முன் சாப்பிட உட்காரும்போது, நான் கேட்காமலேயே, ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி என் தட்டருகில் வைப்பார். மஞ்சள் நிறமாக இருக்கும், ஏதோ மருந்து வாசனை அடிக்கும். "குடிச்சுடு. உடம்புக்கு நல்லது." இத்தனை நாள் இல்லாத பால் இப்போது எதற்கு? கலைப்பதற்கு எதையாவது அரைத்துக் கலந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பின்வாசல் சாக்கடையில் கொட்டினேன். வெள்ளைத் தண்ணீரோடு அதுவும் ஓடியது.

மாமியிடம் வேறு மாற்றங்களும் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் அரிசி கொடுக்க ஆரம்பித்தார். பிள்ளைக்கு எப்போது பார்த்தாலும் போன் போட்டார். "சாப்பிட்டியா? கயிறெல்லாம் நல்லா கட்டிக்கிட்டு ஏறுறியா?" என்று அதையே கேட்பார். பேசி முடித்ததும் எங்கள் அறைக்குள் வந்து அந்தச் சட்டைக்கு முன்னால் நின்று எதையோ ஓதுவார். என்னால் வந்த மானக்கேட்டுக்கு மன்றாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் சொல்லியும்விட்டார்.

"பெருநாள் முடிஞ்சதும் உங்கண்ணன வரச்சொல்லு. கொஞ்ச மாசம் மங்கலம்பேட்டைல இருந்துட்டு வா."

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்கவே வேண்டாம். கொஞ்ச மாசம் என்று போனவர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அண்ணன் எனக்காகச் சண்டை போடுகிற ஆள் கிடையாது. பிறந்த வீட்டுக்கு அப்படிப் போனால் கடைசி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

சேஃப்டி பின்

பெருநாளுக்குச் சில நாட்கள் இருந்தன. மதியம். மாமி கூடத்தில் படுத்திருந்தார். நான் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சட்டைக்கு எதிரில் நின்றேன். என்னைத் துரத்தப்போவது எதுவோ, அதன் முகத்தையாவது பார்த்துவிடுவோம் என்ற வெறி.

முந்தானையில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை எடுத்தேன். உருளையின் நுனியில் வைத்து அழுத்தினேன். பிஸ்கட் உடைகிற மாதிரி 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். வெள்ளை ஓடு உதிர்ந்தது. உள்ளேயிருந்து என் உள்ளங்கையில் சிலந்திகள் விழுந்தன.

கத்தாமல் இருந்ததற்கு இப்போதும் என்னைப் பாராட்டிக்கொள்கிறேன்.

பச்சைச் சிலந்தி, வரிச் சிலந்தி, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று. கால்களை மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. செத்தவை என்று நினைத்தேன். கையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பச்சைச் சிலந்தியின் ஒரு கால் லேசாக அசைந்தது. ஊதிப் பார்த்தேன். மறுபடி அசைந்தது. எல்லாமே உயிரோடு இருந்தன. கொட்டி, உயிரை மட்டும் விட்டுவைத்து, அசையவிடாமல் அடைத்திருக்கிறது. வரிச் சிலந்தியின் வயிற்றில் வெண்ணெய் நிறப் புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது.

கல்லூரியில் ஒட்டுண்ணி, இரை, லார்வா என்றெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். எந்தப் பாடத்திலும் இந்தக் குமட்டல் இல்லை. கண் இருக்கிறது, உயிர் இருக்கிறது, ஓட மட்டும் முடியவில்லை. இருட்டுக்குள் படுத்துக்கொண்டு, யாரோ தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைத் தெரிந்துகொண்டே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

அப்போது தலைக்கு மேலே சிணுங்கல் கேட்டது. ஜன்னல் கம்பி வழியாகக் குளவி வந்தது. கறுப்பும் மஞ்சளும், நூல் மாதிரி இடுப்பு. வாயில் அதன் தலையளவுக்கு வெள்ளை மண் உருண்டை. நான் நிற்பதை அது சட்டையே செய்யவில்லை. சட்டையின் தோளில் உட்கார்ந்து, மண்ணை வைத்து அழுத்தியது. அழுத்தும்போதுதான் அந்த அழுகைச் சத்தம். இறக்கையை அதிரவிட்டு, அந்த அதிர்வால் மண்ணைப் பூசுகிறது. பூசி முடித்தது, சத்தமும் நின்றது. ஜன்னல் வழியாகப் பறந்து போனது.

இவ்வளவுதானா? இத்தனை நாள் என்னை உலுக்கிய குழந்தை கொத்து வேலைச் சத்தமா?

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை, உடம்பு குலுங்கியது. அது அடுத்த உருண்டையோடு வந்தது. பார்த்தேன். போனது, மறுபடி வந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த தடவை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, இடுப்பைப் பிடித்து இழுத்தது ஒரு வலி. மாதாமாதம் நான் சபிக்கிற அதே வலி. எழுந்து குளியலறைக்கு ஓடினேன். ரத்தத்தைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அப்போ அது..."

மாமி எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"மாமி, எனக்கு நோன்பு முறிஞ்சிடுச்சு."

பெண்களுக்குள் அந்த ஒரு வார்த்தை போதும். மாமி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசமா மாமி. இப்போதான்."

"அல்லாவே..." என்றார். அடுத்து அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி வரும் என நினைத்தேன். வரவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தார். என்னை விலக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் போனார். சட்டையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஓவென்று அழுதார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்போ அது எம் புள்ளைக்குத்தான். எம் புள்ளைக்குத்தான் வந்திருக்குது."

"என்ன மாமி சொல்றீங்க?"

"பாரு, வெள்ளையா கட்டியிருக்குது. நெஞ்சு மேல கட்டியிருக்குது. செத்தவங்களுக்குச் சுத்துற கஃபன் துணி மாதிரி இருக்குதுடி! மொத நாளு பாத்தப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. செல்வி வந்து தொட்டில்னு சொன்னா. அல்லா, அப்படியே இருக்கட்டும்னு நெனைச்சேன். வயித்துல ஒண்ணு இருந்தா அதுக்குத்தான் கட்டுச்சுன்னு ஆயிடும். எம் புள்ள தப்பிச்சுடுவான். நீ நோன்பு விடாம வைக்க வைக்க எனக்கு உசுரு வந்துச்சு. இப்போ வந்து ஒண்ணுமில்லைங்கிறியே!"

நானும் மறைக்காமல் கேட்டேன்.

"எவன் புள்ளையோ என் வயித்துல இருக்குதுன்னு நெனைச்சீங்க. அது இருந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லடி! எவன் புள்ளையா இருந்தா என்னா? உங்கண்ணன் வூட்ல வெச்சுப் பெத்துக்க வெச்சு, கமுக்கமா தூக்கியாந்து நானே வளத்திருப்பேன். அதுக்குத்தான் மஞ்சளும் பூண்டும் போட்டுப் பால் காய்ச்சி ஊத்துனேன். நீ கெட்டுப்போயிருந்தா கூட நல்லாருந்திருக்குமே ஷமீமா. எம் புள்ள உசுரோட இருந்திருப்பானே."

கோபம் வர வேண்டிய இடம். வந்தது. என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. ஆனால் அந்தக் கோபம் போய் முட்ட இடமில்லாமல் நின்றது. எதிரில் ஒரு தாய் வெறும் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவளைப் போய் நான் என்ன செய்ய?

மச்சானுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவர் வேலை நேரத்தில் எடுக்காத நாள் எத்தனையோ உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த வெற்று மணிச்சத்தமும் சுவரில் சிணுங்கலும் சேர்ந்துகொண்டன. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நானும் நம்பினேன்.

"பின்ன ஏன் வெள்ளையா கட்டுச்சு?" என்று மாமி கேட்டார். என்னிடம் கேட்டாரா, சட்டையிடம் கேட்டாரா, தெரியாது. "ஒண்ணுமில்லன்னா பின்ன ஏன் இந்த அறைக்கே வருது?"

ஏன்? அந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

குளவி சட்டையின் தோளிலிருந்து எழும்பியது. ஜன்னலுக்கு ஓடினேன். பின்பக்க மதில் சுவரைத் தாண்டி, அதே கோட்டில் பறந்து மறைந்தது. எங்கள் அறையின் ஜன்னல் ஒன்றுதான் அந்தப் பக்கம் பார்த்தது.

"எழுந்திரிங்க மாமி. அது எங்க போவுதுன்னு பாத்துட்டு வருவோம்."

மதிலுக்கு அந்தப் பக்கம்

உச்சி வெயில். நோன்போடு இருக்கிற மாமியை, கையில் போனோடு, உடைந்த பீங்கான் நொறுங்கும் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனேன். கம்பெனியின் பின்கேட் பாதி திறந்திருந்தது. உணவு இடைவேளை போல, ஆள் நடமாட்டம் இல்லை. புகைபோக்கிக்குக் கீழே மண் கழுவுகிற தொட்டிகள் வரிசையாக இருந்தன. பீங்கானுக்கான வெள்ளை மண்ணைக் கரைத்துத் தெளியவிடும் தொட்டிகள். கடைசித் தொட்டி கசிந்து, சுற்றிலும் தரை வெள்ளைச் சேறாகக் கிடந்தது.

கிட்டே போவதற்கு முன்பே சத்தம் கேட்டது. எங்கள் அறையில் கேட்ட அதே சிணுங்கல், ஆனால் நூறு மடங்கு. ஒரு பிரசவ வார்டே அழுகிற மாதிரி. மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

சேற்றின் விளிம்பு முழுக்கக் குளவிகள். தலையைக் கீழே குத்தி, நூல் இடுப்பைத் தூக்கிக்கொண்டு, இறக்கை அதிர அதிர வெள்ளை மண்ணைச் சுரண்டி உருட்டிக்கொண்டிருந்தன. ஒன்று எழும்பிப் போகிறது, இன்னொன்று வந்து அந்த இடத்தில் உட்காருகிறது. கோடையில் வேறெங்கே ஈர மண் இருக்கிறது? ஆறே காய்ந்து கிடக்கிறது. கிடைத்த மண் வெள்ளை, கூடும் வெள்ளை. அவ்வளவுதான் மாமி, அவ்வளவுதான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

போன் அடித்தது. மாமி திரையில் பெயரைப் பார்த்தும் எடுக்கவில்லை. நான்தான் வாங்கி அவர் காதில் வைத்தேன்.

"என்னம்மா இத்தனை தடவை கூப்புட்டிருக்கீங்க? மேல வேலையில இருந்தேன். போனு கீழ பையில கிடந்துச்சு. என்னா, எதாச்சும் பிரச்சினையா?"

மாமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா. வெயில்ல நிக்காத. கயிறு கட்டிக்கிட்டு ஏறு."

"இதுக்கா? சரி, சரி. ஷமீமா நல்லா இருக்காளா?"

மாமி என்னைப் பார்த்தார். அந்த மாதம் முழுக்க வயிற்றைப் பார்த்தவர், முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கா. எங்கூடத்தான் இருக்கா" என்று சொல்லி போனை என்னிடம் நீட்டினார். மச்சானிடம் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் வைத்த பிறகும் மாமி நகரவில்லை. வெயில் உச்சந்தலையைப் பிளக்கிறது. குளவிகள் ஒவ்வொன்றாக எழும்பி, ஒன்று கிழக்கே, ஒன்று ஸ்டேஷன் பக்கம், ஒன்று எங்கள் தெருவுக்கு என்று திசைக்கொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஷமீமா."

"சொல்லுங்க மாமி."

"இத்தனையும் எத்தனை வூட்டுக்குப் போவுதோ? அங்கல்லாம் எவ எவ நாசமாப் போறாளோ? அவளுங்களுக்கு யாரு போய் சொல்றது?"

"நான் சொல்றேன் மாமி."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. மாமி முக்காட்டால் மூக்கைச் சிந்தினார்.

"சொல்லுவ, சொல்லுவ. மொதல்ல வூட்டுக்கு வா. உனக்குத்தான் நோன்பு இல்லையே, காலையிலேர்ந்து வெறும் வயித்தோட நிக்கிற. எதையாச்சும் தின்னுட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் நோன்போடு இருந்தவர் அடுப்பைப் பற்றவைத்து எனக்கு மட்டும் உலை வைத்தார். சுடுசோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தட்டை வழித்துத் தின்றேன்.